பெயரறியாக் காய்ச்சல்

பங்குத்தந்தை ஒருவரின் மேசைமீது அடிக்கடி புரட்டப்படும் ஏடுகள் பதிவேடுகளே. திருமுழுக்குக்கு ஒன்று, திருமணத்துக்கு ஒன்று, அடக்கத்துக்கு ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய பழைய பங்கு ஒன்றில், ஒரு குடும்பத்தார் தம் பாட்டனார் இறந்த நாளைத் தேடி வந்தனர். அவர்களுக்காக அடக்கப் பதிவேட்டைத் திறந்தோம். தாள் பழுத்திருந்தது, மை மங்கியிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இறப்பின் காரணம் ஒரு சொல்லில் எழுதப்பட்டிருந்தது. சில இடங்களில் ‘பேதி’, சில இடங்களில் ‘அம்மை’. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் நம் கண்ணில் பட்ட சொல் ‘காய்ச்சல்’ என்பதே. ஒரே வீட்டுக் குழந்தைகள் மூவர் எட்டு நாள்களுக்குள் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். மூவர் பெயருக்கும் எதிரே அதே ஒரு சொல்.

எந்தக் காய்ச்சல்? அதை எழுதிய குருவுக்குத் தெரியாது. அந்த ஊர் மருத்துவருக்கும் தெரிந்திருக்காது. பெற்ற தாய்க்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. அன்று அந்த ஏட்டை மூடிவைத்தபோது நம் மனத்தில் தங்கிய வினா, இப்போது நாம் பணியாற்றும் மேனாம்பேட்டில், எதிர்பாராத ஒருவர் வாயிலாக மீண்டும் எழுந்தது.

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். கல்லூரியில் நுண்ணுயிரியல் பயிலும் நம் பங்கின் மகள் ஒருத்தி அருகில் வந்து, “ஃபாதர், அரக்கோணத்தின் பெயரில் ஒரு வைரஸ் இருக்கிறது, தெரியுமா?” என்று கேட்டாள். நாம் சிரித்துவிட்டோம். அம்பத்தூர் நிலையத்தில் நாள்தோறும் நின்று செல்லும் மின்ரயிலின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயரன்றோ அரக்கோணம்! அவள் சிரிக்கவில்லை. “விளையாட்டு இல்லை, ஃபாதர். வேலூரில் தோட்டப்பாளையத்தின் பெயரிலும் ஒன்று உண்டு. பாடத்தில் படித்தேன்” என்றாள்.

அதன்பின் சில மாதங்கள் நாம் தேடிப் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை. காட்டிலும் வயலிலும் வாழும் உயிரினங்களின் உடலில் குடியிருக்கும், மனிதர் அறியாத நச்சுயிரிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துப் பெயரிட்டுப் பதிவேட்டில் எழுதி வைக்கும் ஒரு பெருமுயற்சியின் வரலாறு இது. அதன் சில அதிகாரங்கள் நம் வீட்டு வாசலிலேயே எழுதப்பட்டன.

தேடல் தொடங்கிய விதம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மஞ்சள் காய்ச்சல் என்னும் கொள்ளைநோயை நகரங்களில் கொசுவை ஒழித்தே ஒழித்துவிடலாம் என்று அறிஞர்கள் நம்பினர். 1932-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் அந்த நம்பிக்கை உடைந்தது. நகரக் கொசு இல்லாத நாட்டுப்புறத்திலும் அந்நோய் தோன்றியது. காட்டுக் குரங்குகளிடையே அது ஓசையின்றிச் சுழன்றுகொண்டிருந்தது என்பதும், மரம் வெட்டச் சென்ற மனிதனை வழியில் பற்றிக்கொண்டது என்பதும் பின்னர் தெளிவாயின. நோய் மனிதரிடம் தொடங்குவதில்லை. அதற்குக் காட்டில் ஒரு வீடு இருக்கிறது என்ற உண்மையை மருத்துவ உலகம் அப்போதுதான் உறைக்க உணர்ந்தது எனலாம்.

அப்படியானால் அக்காடுகளில் இன்னும் எத்தனை நோய்கள் பெயரின்றிக் காத்திருக்கின்றன? இவ்வினாவோடு அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை, 1951-ஆம் ஆண்டு முதல் பிரேசில், டிரினிடாட், தென்னாப்பிரிக்கா, எகிப்து முதலிய இடங்களில் ஆய்வுக்கூடங்களைத் தோற்றுவித்தும் துணைநின்றும் ஒரு வலையை விரித்தது. அந்த வலையின் இந்திய முடிச்சு, 1952-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு இணைந்து புனேயில் நிறுவப்பட்ட வைரஸ் ஆராய்ச்சி மையம். 1978-இல் அது தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாற்றம் பெற்றது. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசு இந்தியாவில் ஏராளமாக இருந்தும் அந்நோய் ஏன் இங்கு வரவில்லை என்பது அம்மையம் ஆராய எடுத்துக்கொண்ட தொடக்கக் கேள்விகளுள் ஒன்று.

தேடும் முறை எளியது; ஆனால் பொறுமையைச் சோதிப்பது. கொசுக்களையும் உண்ணிகளையும் பிடித்து இனம் பிரிப்பர். பறவைகளை வலையிலும் எலிகளைப் பொறியிலும் பிடித்து இரத்தம் எடுப்பர். அந்தச் சாற்றைப் பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்திக் காத்திருப்பர். குட்டி நோயுற்றால், அதிலிருந்து நச்சுயிரியைப் பிரித்து, ஏற்கெனவே அறியப்பட்டவற்றோடு ஒப்பிடுவர். எதனோடும் பொருந்தாவிட்டால் அது புதியது. அப்போது அதற்குப் பெரும்பாலும் அது கிடைத்த ஊரின் பெயரையே சூட்டி, மாதிரியை உறைகுளிரில் சேமிப்பர்.

காட்டில் வெள்ளைத் துணியை இழுத்துச் சென்று உண்ணிகளைச் சேகரித்தவர்களும், மாட்டுக் கொட்டிலில் இரவெல்லாம் விழித்திருந்து கொசு பிடித்தவர்களும் இப்பணியின் அடித்தளம். கண்டெடுத்த கிருமிக்குப் பெயர் கிடைத்தது. கண்டெடுத்த கைகளில் பலவற்றின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

குரங்குகள் மடிந்த காடு

புனே மையம் தொடங்கி ஐந்தே ஆண்டுகளில் ஒரு பெருஞ்சோதனை வந்தது. 1957-இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில், சொரபு வட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்து விழுந்தன. அருகிலிருந்த சிற்றூர் மக்கள் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். குரங்குச் சாவு என்றதும், மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்று ஆய்வாளர் அஞ்சினர். டெல்போர்டு வொர்க் தலைமையில் புனே ஆய்வாளர்கள் விரைந்து சென்று, இறந்த குரங்கிலிருந்து நச்சுயிரியைப் பிரித்தெடுத்தனர்.

அது மஞ்சள் காய்ச்சல் அன்று. உருசிய நாட்டுக் காடுகளில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் கிருமிக்கு நெருங்கிய உறவு. வலசைப் பறவைகள் வடக்கேயிருந்து உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. அதைத் தீர்க்க, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு பறவைகளுக்கு வளையமிடும் பணியில் இறங்கியது. ஒரு காய்ச்சலைத் தேடப் புறப்பட்டவர்கள் இந்தியப் பறவைகளின் பயணப் பாதைகளையும் அறிந்து தந்தனர். பிற்காலத்தில் பந்திப்பூர், வயநாடு, நம் நீலகிரி ஆகிய இடங்களிலும் இந்நோயின் தடம் காணப்பட்டது. பெயர் தெரிந்தும் அது ஒழியவில்லை. 2024-இலும் கருநாடகத்தில் உயிர்களைப் பறித்தது. பெயரிடுவது ஒன்று, தடுப்பது வேறொன்று என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

வடஆர்க்காட்டின் ஊர்ப்பெயர்கள்

இனி அரக்கோணம் ரயிலிலேயே மேற்கே செல்வோம். அரக்கோணத்தைக் கடந்து காட்பாடியில் இறங்கினால் வேலூர். அன்று இவையெல்லாம் வடஆர்க்காடு மாவட்டம். 1955-இல், வேலூரில், இந்தியாவில் முதன்முறையாக மனிதரிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கண்டறியப்பட்டது. நெல் வயல் நீரில் பெருகும் கொசுக்கள், வயலில் இரைதேடும் கொக்குகள், ஊரோரம் வளர்க்கப்படும் பன்றிகள் ஆகியவற்றிடையே சுழலும் அந்த நச்சுயிரி, குழந்தைகளின் மூளையைத் தாக்கி உயிரைக் குடித்தது. உயிர் பிழைத்தவர்களிலும் பலரை அது முடமாக்கியது. நம் பழைய பதிவேட்டில் ‘காய்ச்சல்’ என்று எழுதப்பட்ட குழந்தைகளுள் எத்தனை பேர் இதனால் இறந்திருப்பரோ, இறைவனே அறிவார்.

ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900-இல் தொடங்கிய சிறு மருத்துவமனை அதற்குள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருந்தது. அங்கே ரூத் மையர்ஸ், டொனால்டு கேரி முதலியோரும், கொசுவியல் வல்லுநர் ரேச்சல் ரூபனும் புனே மையத்தோடு இணைந்து உழைத்தனர். ஒரு நோயைத் தேடிய வலையில் பல சிக்கின. அவற்றுக்கு வழக்கம்போல் ஊர்ப்பெயர்களே சூட்டப்பட்டன: வேலூர், பாளையம், கஸ்பா, சதுப்பேரி, திமிரி, கண்ணமங்கலம், அரக்கோணம். பேருந்து நடத்துநர் உரக்கக் கூவும் வழித்தடம் போல் ஒலிக்கும் இப்பெயர்கள், உலக நச்சுயிரிப் பட்டியலில் இன்றும் இருக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை மனிதரைத் துன்புறுத்தியதாகச் சான்று இல்லை. கொசுவிலும் பறவையிலும் தம் வழியே வாழ்ந்து செல்பவை அவை.

1964-ஆம் ஆண்டு நம் பகுதிக்கு நினைவில் நிற்கும் ஆண்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அவ்வாண்டில்தான் உருவாயிற்று. அவ்வாண்டிலேயே சென்னை மாநகரைச் சிக்குன்குனியா தாக்கியது. நான்கு லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டனர். அப்போது சிறுமியாக இருந்த நம் பங்கின் மூத்த தாய் ஒருவர், “தெருவே குனிஞ்சு நடந்துச்சு, சாமி. என்ன காய்ச்சல்னு யாருக்கும் தெரியல” என்றார். ஆப்பிரிக்க மொழியொன்றில் ‘வளைந்து போதல்’ என்ற பொருளுடைய சொல்லே சிக்குன்குனியா என்பதை நாம் சொன்னபோது, “சரியாத்தான் பேரு வச்சிருக்காங்க” என்று சிரித்தார்.

அதே 1964-இல், வேலூர்த் தோட்டப்பாளையத்தில், ஒரு மூஞ்சூறு பொறியில் சிக்கியது. வீட்டு மூலைகளில் கீச்சிட்டு ஓடும், நெடி வீசும் அந்தச் சிற்றுயிரைப் பார்த்தறியாத தமிழ் வீடு ஏது? அதிலிருந்து ஒரு நச்சுயிரி பிரிக்கப்பட்டது. எதனோடும் அது பொருந்தவில்லை. கொசுவாலோ உண்ணியாலோ பரவுவதாக இருக்கலாம் என்ற ஊகத்தோடு, ‘தோட்டப்பாளையம் வைரஸ்’ என்று பெயரிட்டு 1971-இல் அறிவித்தார்கள். மாதிரி குளிர்பெட்டிக்குள் சென்றது. பின்பு அதைப் பெரிதாக எண்ணியவர் எவருமில்லை.

உறங்கிய பதிவுகள் விழித்த கதை

உலகெங்கும் கிடைத்த இத்தகைய நச்சுயிரிகளை ஒரே நூலில் தொகுத்து, 1967-இல் முதல் பட்டியல் அச்சாயிற்று. இருநூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள் அதில் இருந்தன. 1985-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அவை ஐந்நூற்றைக் கடந்தன. எந்த உயிரில் கிடைத்தது, எங்கே, எந்நாளில், எதனோடு உறவு, மனிதருக்கு நோய் தருமா என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு உண்டு. நம் திருமுழுக்குப் பதிவேட்டில் பிறந்த நாள், பெற்றோர், ஊர் என்று எழுதுவதற்கு இது வெகுதொலைவில் இல்லை.

இவ்வளவு உழைத்து எழுதியதன் பயன் என்ன? நான்கு நிகழ்ச்சிகள் விடை சொல்லட்டும்.

முதலாவது, உகாண்டா நாட்டின் ஜிகா காடு. 1947-இல் மஞ்சள் காய்ச்சலைத் தேடிக் காட்டில் கூண்டிலிட்டு வைத்த குரங்கு ஒன்றின் இரத்தத்தில் புதிய நச்சுயிரி கிடைத்தது. காட்டின் பெயரே அதற்கு ஆயிற்று. அறுபது ஆண்டுகள் அது ஒரு சிறு குறிப்பாகவே கிடந்தது. 2015-இல் பிரேசிலில் தலை சிறுத்த குழந்தைகள் பிறந்தபோது உலகம் அந்தப் பழைய பெயரை நடுங்கி உச்சரித்தது. 2017-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஒருவரிடம் அது கண்டறியப்பட்டது.

இரண்டாவது, சண்டிபுரா. 1965-இல் நாக்பூர் அருகே, அப்பெயருள்ள ஊரில் காய்ச்சலுற்றவரின் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டது. பெருந்தீங்கு செய்யாதது என்று எண்ணி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதை ஒதுக்கி வைத்தனர். 2003-இல் ஆந்திரத்தில் 329 குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் வீழ்ந்தனர். 183 பேர் இறந்தனர். மாலையில் விளையாடிய குழந்தை மறுநாள் உயிரோடு இல்லை. புனே ஆய்வாளர்கள் குற்றவாளியைப் பழைய பதிவோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டனர்: சண்டிபுரா. 2024-இல் குஜராத்தில் அது மீண்டும் குழந்தைகளைத் தாக்கியபோது, எதைத் தேட வேண்டும் என்று மருத்துவர்கள் அறிந்திருந்தனர்.

மூன்றாவது, சிக்குன்குனியாவே. 1973-க்குப் பின் இந்தியாவில் மறைந்ததாகவே கருதப்பட்ட அது 2005-இன் இறுதியில் திரும்பி வந்தது. புனேயில் சேமித்திருந்த 1960-களின் மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, திரும்பியது பழைய ஆசிய வகை அன்று. ஆப்பிரிக்க வழி வந்த வேறொன்று என்பது தெரிந்தது. சேமித்து வைத்தவர் அதை எதற்காகச் சேமிக்கிறோம் என்று அறிந்திருக்க முடியாது.

நான்காவது, நம் மூஞ்சூறு. கொரியப் போரில் ஆயிரக்கணக்கான படைவீரரை வாட்டிய ஒரு காய்ச்சலின் காரணத்தை, 1970-களின் பிற்பகுதியில் லீ ஹோ வாங் என்னும் கொரிய அறிஞர் வயல் எலியிடம் கண்டுபிடித்து, ஹந்தான் என்னும் ஆற்றின் பெயரைச் சூட்டினார். 1980-களின் இறுதியில், பட்டியலில் இனம் தெரியாது கிடந்த நச்சுயிரிகளை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, தோட்டப்பாளையம் அதே குடும்பம் என்று கண்டனர். வேலூரார் கொரியருக்குப் பத்தாண்டுக்கு மேல் முன்னதாகவே அக்குடும்பத்தின் ஒரு பிள்ளையைக் கையில் வைத்திருந்தனர். யார் பிள்ளை என்றுதான் அறியவில்லை! 1993-இல் அமெரிக்கத் தென்மேற்கில் இளைஞர்கள் மூச்சடைத்து இறந்தபோது, இந்தக் குடும்பத்தைப் பற்றிய அறிவு முன்பே இருந்ததால் சில வாரங்களில் காரணம் தெரிந்துவிட்டது. மனிதரை நோயுறச் செய்ததாக நம் தோட்டப்பாளையத்தின்மீது பழி இதுவரை நிறுவப்படவில்லை. ஆயினும், அதற்கும் கொரியாவின் இம்ஜின் ஆற்றோரத்து உறவுக்கும் பொதுவாக அறிஞர்கள் அமைத்த பேரினத்தின் பெயர் ‘தோட்டிம்வைரஸ்’. வேலூர்த் தெரு ஒன்றின் முதலெழுத்துகள் அதில் நிலைத்துவிட்டன.

தவறான பெயரின் விலை

பெயர் அறியாமையைவிடக் கொடியது தவறான பெயர். 1998-இல் மலேசியாவில் பன்றிப் பண்ணையாளர்கள் மூளைக்காய்ச்சலில் இறந்தனர். பன்றி, மூளைக்காய்ச்சல் என்ற இரண்டையும் கண்டதும், இது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் என்று முடிவு செய்தனர். கொசுவுக்கு மருந்தடித்தனர், தடுப்பூசி போட்டனர். சாவு நிற்கவில்லை. 1999-இல்தான் அது வேறொரு புதிய நச்சுயிரி என்று தெரிந்தது. சுங்கை நிபா என்ற சிற்றூரின் பெயரால் அது நிபா எனப்பட்டது. அதன் வீடு பழந்தின்னி வௌவால் என்பது பின்னர் தெளிவாயிற்று. 105 பேர் இறந்தனர். பத்து லட்சம் பன்றிகள் வரை கொல்லப்பட்டன.

2001-இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் மருத்துவமனைகளிலேயே காய்ச்சல் பரவி 45 பேர் மாண்டபோது, அது நிபா என்று அறிய ஆண்டுகள் ஆயின. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நடந்ததோ வேறு. ஒரே குடும்பத்தில் இரண்டாமவர் நோயுற்று வந்தவுடனே மருத்துவர்கள் ஐயுற்றனர். மாதிரிகள் மணிப்பாலுக்கும் புனேக்கும் விரைந்தன. சில நாள்களில் பெயர் தெரிந்தது. தொடர்பிலிருந்தோர் அனைவரையும் தேடித் தனிமைப்படுத்தினர். 17 உயிர்கள் போயின. நோயாளியைப் பேணிய செவிலியர் லினியும் அவர்களுள் ஒருவர். ஆனால் பரவல் அங்கேயே நின்றது. சிலிகுரிக்கும் கோழிக்கோட்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டில், எழுதி வைத்த பதிவுக்கும் விழித்திருந்த மருத்துவருக்கும் சரிபாதிப் பங்கு உண்டு என்று நாம் நினைக்கிறோம்.

எல்லாவற்றையும் எழுதிவிட முடியுமா?

பழைய ஆய்வாளர் வலையில் வந்ததை எழுதினர். இக்காலத்தார் எல்லாவற்றையுமே எழுதிவிட விரும்பினர். அமெரிக்க அரசின் உதவியோடு 2009-இல் தொடங்கிய ‘பிரெடிக்ட்’ என்னும் திட்டம், 2020-இல் முடிவதற்குள் பல நாடுகளில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட புதிய நச்சுயிரிகளைக் கண்டது. பாலூட்டிகளிலும் பறவைகளிலும் ஏறத்தாழ 16 லட்சத்து 70 ஆயிரம் அறியப்படாத நச்சுயிரிகள் இருக்கலாம் என்றும், அவற்றுள் 6 முதல் 8 லட்சம் வரை மனிதரைத் தொற்றும் ஆற்றல் பெற்றிருக்கலாம் என்றும் 2018-இல் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. இவற்றில் பெரும்பகுதியைப் பத்தாண்டுகளில் பட்டியலிட்டுவிடலாம் என்று, உலக நச்சுயிரித் தொகுப்புத் திட்டம் ஒன்றையும் அதை வகுத்தோர் முன்மொழிந்தனர்.

அதே ஆண்டில் எட்வர்டு ஹோம்ஸ், ஆண்ட்ரூ ராம்பாட், கிறிஸ்டியன் ஆண்டர்சன் ஆகிய மூன்று அறிஞர்கள் மறுப்புரைத்தனர். லட்சக்கணக்கில் எழுதினாலும் அடுத்த கொள்ளைநோய் எது என்று அந்தப் பட்டியல் சொல்லாது. விலங்குகளோடு நெருங்கி வாழும் மக்களிடையே புதிய காய்ச்சல் தோன்றுகிறதா என்று கவனிப்பதற்கே பணத்தைச் செலவிட வேண்டும் என்பது அவர்கள் வாதம். காட்டில் கிடப்பதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவதே ஓர் ஆபத்தன்றோ என்று கேட்டவரும் உண்டு. கியாசனூர் கிருமியை ஆராய்ந்தவர்களே ஆய்வுக்கூடத்தில் நோயுற்றதை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியை எளிதில் தள்ளமாட்டார்கள். 2021-இல் தொடங்கிய மற்றோர் அமெரிக்கத் திட்டம் இத்தகைய விவாதங்களுக்கு இடையே 2023-இல் கைவிடப்பட்டது.

இரு தரப்புக்கும் இடையே கோவிட் வந்து நின்றது. வௌவால்களின் கொரோனா நச்சுயிரிகளை முன்பே பட்டியலிட்டிருந்தமையால், 2020 சனவரியில் புதிய கிருமியின் மரபுக்குறிப்பு வெளியானவுடன் அதன் உறவுமுறை விரைவில் தெரிந்தது. சோதனை முறையும் தடுப்பூசியும் வியக்கத்தக்க வேகத்தில் வந்தன. ஆனால் நோய் தடுக்கப்படவில்லை. அது மனிதரை வந்தடைந்த வழி பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. நம் கோயம்பேட்டுச் சந்தையில் தொற்று மூண்டு, காய்கறி வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்ட அந்த மே மாதத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். பதிவேடு இருந்தது; ஆயினும் அடக்கத்துக்கு நான்கு பேருக்குமேல் வர முடியாத கல்லறைத் தோட்டங்களில் நாம் நின்றோம்.

ஆகவே, பட்டியலே நம்மைக் காக்கும் என்பாரோடும் நாம் முழுதும் சேர முடியவில்லை. பட்டியல் வீண் என்பாரோடும் சேர முடியவில்லை. பதிவேடு வருங்காலம் உரைக்கும் நூல் அன்று. திருமுழுக்கு ஏட்டில் பெயர் எழுதும்போது அக்குழந்தை என்னவாகும் என்று எந்தக் குருவும் அறிவதில்லை. ஐம்பது ஆண்டு கழித்து யாரோ ஒருவர் தேடி வரும்போது, “இதோ, இருக்கிறது” என்று சொல்ல முடிகிறதே, அதற்காகவே எழுதுகிறோம். ஆனால் தேடி வருபவர் ஒருவர் வேண்டும். ஆந்திரக் குழந்தைகளின் காய்ச்சலைக் கவனித்த மருத்துவர் இல்லையேல், சண்டிபுரா என்ற பதிவு இன்றும் உறங்கிக்கொண்டிருக்கும். ஏடு மட்டும் இருந்து கவனிப்பவர் இல்லையெனில் அது தூசு. கவனிப்பவர் இருந்து ஏடு இல்லையெனில், அவரும் ‘காய்ச்சல்’ என்றே எழுதி மூட வேண்டும்.

பெயரும் பழியும்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1993-இல் அமெரிக்காவில் அந்த நோயை நவஹோ என்னும் பழங்குடியினரின் பெயரோடு சேர்த்துப் பேசியபோது, அம்மக்கள் ஒதுக்கப்பட்டனர். கிருமிக்கு ஊர்ப்பெயர் வைக்க முயன்றபோதும் அவ்வட்டாரத்தார் எதிர்த்தனர். இறுதியில் ஸ்பானிய மொழியில் ‘பெயரற்றது’ என்றே பெயர் வைத்தனர். 2015-இல் உலக நலவாழ்வு நிறுவனம், புதிய நோய்களுக்கு ஊரின் பெயரோ மக்களின் பெயரோ விலங்கின் பெயரோ சூட்ட வேண்டாம் என்று நெறி வகுத்தது. நல்ல நெறிதான். நோயின் பெயரால் ஒரு மக்களைத் தள்ளிவைப்பது எத்தகைய பாவம் என்பதைத் தொழுநோயரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரின் சீடர்களுக்கு விளக்க வேண்டுமோ?

விலங்குகளுக்கும் இது பொருந்தும். 2020-இல் இந்திய ஆய்வாளர்கள், தமிழகம் உட்படச் சில மாநிலங்களின் வௌவால்களில் வேறு வகைக் கொரோனா நச்சுயிரிகளைக் கண்டதாக அறிவித்தனர். அவை மனிதருக்கு நோய் தந்ததாகச் சான்று இல்லை. ஆயினும் செய்தியைக் கேட்டவர்கள், மரத்தில் தொங்கும் வௌவால்களை விரட்டிவிடலாமா என்று நம்மிடமே கேட்டனர். விரட்டப்பட்ட வௌவால் எங்கே போகும்? இன்னும் நெருக்கமாக, நம் கூரைக்கும் தோட்டத்துக்கும்தான் வரும். கொசுவைத் தின்பதும், மகரந்தம் சுமப்பதும், விதை பரப்புவதும் வௌவால்களே. காட்டை வெட்டி, ஏரியைத் தூர்த்து, அவற்றின் இருப்பிடத்தை நாம் பறித்த இடங்களிலேயே நோய்கள் எல்லை தாண்டின என்பதும் இவ்வரலாற்றின் பாடம்.

தொடக்க நூலில் கடவுள் உயிரினங்களை மனிதனிடம் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுவான் என்று பார்த்தார் என்று படிக்கிறோம். பெயரிடும் உரிமையைக் கொல்லும் உரிமை என்று நாம் படித்துவிடலாகாது. பெயரிட்டவன் அறிந்துகொள்கிறான், அறிந்தவன் எவ்வளவு நெருங்கலாம், எங்கே விலகி நிற்க வேண்டும் என்று கற்றுக்கொள்கிறான். தோட்டப்பாளையத்து மூஞ்சூறு அறுபது ஆண்டுகளாக நமக்குச் சொல்வது அதுவே.

சென்ற மாதம் நம் பங்கில் ஒரு குழந்தை காய்ச்சலில் கிடந்தது. இரத்தம் எடுத்தனர், மறுநாள் மாலை, ‘டெங்கு’ என்று ஒரு தாள் வந்தது. தாய் அழுதாள், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வாரத்தில் குழந்தை வீடு திரும்பியது. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால், எத்தனை பேர் எத்தனை இரவுகள் கொசு பிடித்திருப்பர் என்று நாம் எண்ணிப் பார்த்தோம். அந்தப் பழைய பங்கின் ஏட்டில் உள்ள மூன்று குழந்தைகளுக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை. இறந்த விசுவாசிகள் நாளில் இனி அவர்களையும், பெயர் எழுதப்படாமல் உழைத்துச் சென்ற அந்தக் கொசு பிடித்தவர்களையும் சேர்த்தே திருப்பலியில் நினைப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.